பூச்சு சுவரைச் சேர்ந்ததா, அறையைச் சேர்ந்ததா?

ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஒன்றின் மேல் கொத்தனார் சிமெண்டுப் பூச்சுப் பூசித் தண்ணீர் அடித்து ஆறவிட்ட பிறகு, பெயிண்டர் வந்து பட்டி பார்த்துத் தேய்த்து, பிரைமரும் அதன்மேல் இரண்டு கோட்டிங் வர்ணமும் கொடுத்து வேலையை முடித்துவிட்டால், அந்தப் பூச்சும் வர்ணமும் சுவரின் அங்கங்களாகிவிட்டனவா, அன்றி அந்தச் சுவர் வளைத்து நிற்கும் அறையின் உடைமைகளாகவே இருந்து வருகின்றனவா என்னும் கேள்வி, கேட்ட மாத்திரத்தில் வீண் தர்க்கமாகத் தோன்றக்கூடும். ஆயினும் இன்றைய கட்டட வடிவமைப்பு மென்பொருளின் முன் உட்காரும் ஒருவர், முதற் சுவரை வரைவதற்கு முன்பே, தெரிந்தோ தெரியாமலோ இக்கேள்விக்கு ஒரு விடை சொல்லிவிடுகிறார். அந்த விடையைப் பொறுத்தே அறையின் பரப்பு, பூச்சு வேலையின் எஸ்டிமேட், வெப்பக் கணக்கு, வேலை நடக்கும் வரிசை ஆகிய யாவும் பின்னால் அமைகின்றன. இதுகாறும் சொல்லப்பட்ட விடைகளில் பிரதானமானவை எவை, அவை எங்கிருந்து பிறந்தன, எங்கே தளர்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகிதத்தில் எழாத கேள்வி

விவாதத்தின் வேர் மிகப் பழையது. ரோமானியக் கட்டடக்கலைஞரான விட்ருவியஸ், சுவர் கட்டும் முறைகளைத் தமது நூலின் இரண்டாம் புத்தகத்தில் சொல்லி முடித்துவிட்டு, மணற்சாந்தில் மூன்றும் சலவைக்கற்பொடிச் சாந்தில் மூன்றுமாக ஏற்ற வேண்டிய பூச்சு அடுக்குகளைப் பற்றிய விதிகளை ஏழாம் புத்தகத்தில்தான் எடுத்துக்கொள்கிறார். அதாவது அவருடைய அமைப்பில் சுவர் ஓர் அத்தியாயம், அதன் பூச்சு வெகு தொலைவில் வேறோர் அத்தியாயம். ஜெர்மானியரான காட்ஃபிரீட் செம்பர் 1851இல் வெளியிட்ட சித்தாந்தத்திலோ இந்த வரிசையே தலைகீழாகிறது: இடத்தை வளைத்துக் காட்டும் நெய்த திரையே சுவரின் ஆதி ஸ்வரூபம், அதைத் தாங்கி நிற்கும் கல்லும் செங்கல்லும் அதற்கு அடுத்த பட்சமே என்பது அவர் அபிப்பிராயம். அவ்வழி வந்த அடால்ஃப் லோஸ் 1898இல், போர்வையானது தான் போர்த்தியிருக்கும் பொருளாகவே மயங்கித் தோன்றலாகாது என்று ஒரு நியதி வகுத்தார். இவர்களெல்லாம் அழகைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் பேசினார்களேயன்றி, அளவெடுப்பைப் பற்றிப் பேசவில்லை. எனினும் போர்வையும் உடம்பும் ஒன்றா வேறா என்ற பிரச்சினையை அவர்கள் தீர்க்காமலே விட்டுச் சென்றார்கள்.

காகிதத்தில் வரைபடம் போட்ட காலம் முழுவதும் இப்பிரச்சினை தொழிலில் தலைகாட்டாமல் இருந்ததற்கு எளிய காரணம் ஒன்றுண்டு. உட்புறச் சிமெண்டுப் பூச்சின் கனம் வழக்கமாக 12 மி.மீ.; நூற்றுக்கொன்று என்ற அளவில் போடப்படும் படத்தில் அது 0.12 மி.மீ. ஆகிவிடுகிறது, அதாவது 0.13 மி.மீ. முனையுள்ள மெல்லிய பேனா இழுக்கும் கோட்டைக்காட்டிலும் மெல்லியதாகிறது. வரைய இயலாததை யாரும் வரையவில்லை. பூச்சு வேலையின் விவரமெல்லாம் ஒப்பந்தக் குறிப்புரையிலும், எந்த அறைக்குத் தரை எது, சுவர் எது, கூரையடி எது என்று கட்டம் கட்டமாக எழுதிய அட்டவணையிலும் வாழ்ந்து வந்தன. முழு அளவில், ஒன்றுக்கொன்றாக, கட்டடத்தையே திரைக்குள் எழுப்பிவிடலாம் என்ற சௌகரியம் வந்த பிறகுதான் 12 மி.மீ. என்பது இடம் கேட்கத் தொடங்கிற்று.

ஒரே உடம்பாகக் கொள்ளும் கட்சி

வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினிக்குள்ளேயே கட்டடத்தின் வர்ணனையைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1975இல் எழுதினார். அந்த யோசனையின் வழியே பிற்காலத்தில் வளர்ந்த மென்பொருள்களில், சுவர் என்பது இரண்டு கோடுகளாக இல்லாமல், உள்ளே அடுக்குகளையுடைய ஒரே பொருளாக வைக்கப்பட்டது. 2000இல் வெளிவந்து 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு மாறிய ரெவிட், இந்த அடுக்குகளுக்குத் தொழில்வாரியாகப் பதவிகள் வழங்குகிறது: தாங்குவது முதலாம் எண், அடித்தளப் பலகை இரண்டு, வெப்பத்தடையும் காற்றிடையும் மூன்று, வெளிமுடிப்பு நான்கு, உள்முடிப்பு ஐந்து, இவற்றுக்கு அப்பால், கனமே இல்லாத ஈரத்தடைச் சவ்வு ஒன்று. இரண்டு சுவர்கள் சந்திக்குமிடத்தில் எண் சிறிதான அடுக்கு, எண் பெரிதானதை ஊடுருவிச் செல்லும். ஆர்ச்சிகேட் என்னும் மென்பொருளும் 2013இல் வெளிவந்த அதன் பதினேழாம் பதிப்பு முதல், ஒவ்வொரு கட்டுமானப் பொருளுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணைக் கொடுத்து இதே விவகாரத்தை வேறு மாதிரி தீர்க்கிறது.

இக்கட்சியின் பலம் வெப்பக் கணக்கில் தெளிவாகப் புலப்படும். ஒரு சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்று நிர்ணயிக்க வேண்டுமாயின், ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் அதன் வெப்பங்கடத்தும் திறனால் வகுத்து, கிடைத்த தடைகளையெல்லாம் வரிசையாகக் கூட்ட வேண்டும், ஐ.எஸ்.ஓ. 6946 விதிக்கும் வழி அடிப்படையில் இதுவே. எனர்ஜிபிளஸ் போன்ற நிரல்களும் வெளியிலிருந்து உள்ளாக அடுக்குகளை வரிசைப்படுத்தித்தான் சுவரைக் கேட்கின்றன. அடுக்கெல்லாம் ஒரே பொருளுக்குள் இருந்தால் இந்தக் கணக்கு தானாகவே கைக்கு வந்துவிடும். பிரிந்து கிடந்தால் யாராவது உட்கார்ந்து சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பலவீனமோ, கட்டடம் சற்றுப் பெரிதானவுடன் வெளிப்படுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல், நாலரை அங்குலச் செங்கல், ஹாலோ பிளாக், கான்கிரீட் என நான்கு விதமான சுவர்களும், ஒரு முகத்துக்கு வரக்கூடிய முடிப்புகள் ஆறும் இருப்பதாகக் கொள்வோம். இரு முகங்களிலும் என்னென்ன சேர்க்கைகள் வரக்கூடும் என்று எண்ணினால் ஒரு சுவருக்கு 21, நான்குக்கும் சேர்த்து 84 சுவர் வகைகள் தேவையாகும். இத்தனையும் ஒரு கட்டடத்தில் வராது என்பது உண்மைதான். ஆனால் இவற்றில் பாதி வந்தால்கூடப் பெயர் வைக்கும் ஒழுங்கு குலைந்துபோகும். மேலும், பன்னிரண்டு மீட்டர் நீளச் சுவரின் ஒரு புறம் தாழ்வாரமும் மறுபுறம் பண்டகசாலை, கழிவறை, அலுவலகம் என்ற மூன்றும் அமைந்திருக்குமாயின், மறுபுறத்து முடிப்புகளின் பொருட்டு அச்சுவரை மூன்று துண்டாக்க வேண்டி வரும். கட்டுமானப் பொறியாளருக்கோ அது ஒரே சுவர்தான். கழிவறையில் 2,100 மி.மீ. உயரம் வரை டைல்ஸ், அதன் மேல் பெயிண்ட் என்று வந்தால், அந்த உயரத்தைச் சுவர் வகையின் உள்ளமைப்பிலேயே பிரித்து வைக்க ரெவிட் இடம் கொடுக்கிறதாயினும், உயரம் மாறிய இடமெல்லாம் புதியதொரு வகையைப் பிறப்பித்தாக வேண்டும்.

தோலை உரித்துத் தனியே நிறுத்தும் கட்சி

இதற்கு எதிர்க்கட்சியார், பூசாத சுவரை ஒரு பொருளாகவும், அதன் ஒவ்வொரு முகத்திலும் வரும் பூச்சையோ டைல்ஸையோ வெகு மெல்லிய தனிச் சுவர்களாகவும் வரைந்து நிறுத்துகிறார்கள். கட்டட வேலை நடக்கும் விதத்திலிருந்தே இவர்களுடைய வாதம் எழுகிறது. செங்கல் வேலை முடிந்து, மின்குழாய்க்குக் காடி வெட்டி, குழாய் பதித்து அடைத்த பிற்பாடுதான் பூச்சு வேலை தொடங்கும். இடையில் வாரங்கள் கழிந்திருக்கும், ஆளும் மாறியிருப்பார். ஒரே உடம்பாக வரைந்த சுவர், கால வரிசையைக் காட்டும் மாடலில் செங்கல், பூச்சு, வர்ணம் மூன்றோடும் ஒரே நாளில் எழுந்து நிற்கும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும்: டைல்ஸை மட்டும் உடைத்தெடுத்துவிட்டுச் சுவரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில், ஒரே பொருளுக்கு இடிப்பது, இருப்பது என்ற இரண்டு நிலைகளை எப்படிக் கொடுப்பது? செட்டிநாட்டு வீடுகளில் காணப்படும் பல அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சைப் போன்றவற்றைப் பாதுகாக்க வேண்டி மாடலில் ஏற்றுவோருக்கு, எந்த அடுக்கு சிதைந்தது, எது பிழைத்தது என்று தனித்தனியே குறிப்பதுதான் வேலையின் சாரமே; அவர்கள் இக்கட்சியில் சேர்வதில் வியப்பில்லை.

ஆனால் தோலை உரித்தால் அதனுடன் தொல்லைகளும் வரும். கதவு செங்கற்சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் நிற்கும் பூச்சுச் சுவருக்கு அந்தக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு சுவர்களையும் பொருத்திவிடும் கட்டளையை மறவாமல் கொடுத்தாலொழிய, கதவின் மேல் பூச்சு ஓடிக்கொண்டிருக்கும். பூச்சுக்கு உள்ளே நிற்கும் உட்சுவரை ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தினால் தோல் பழைய இடத்திலேயே நின்றுவிடக்கூடும். அறையின் எல்லை உட்சுவரிலா, தோலிலா என்பதையும் இடத்துக்கு இடம் தீர்மானிக்க வேண்டும். பொருள்களின் எண்ணிக்கையோ இரண்டு மூன்று மடங்காகிறது. சுவர் அட்டவணையில் பூச்சும் சுவர் என்றே பதிவாவதால், அதை வடிகட்டாமல் கூட்டினால் கட்டடத்தில் இல்லாத சுவரெல்லாம் கணக்கேறிவிடும். மென்பொருளை இதற்கெல்லாம் வைவது அலுவலக வழக்கம். உண்மையில், உட்சுவரும் தோலும் ஒன்றையொன்று அறியாதிருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் வரைபவரேயன்றி மென்பொருளல்ல.

முகத்தில் தீட்டுவோரும் எழுதி வைப்போரும்

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவில் வேறு சில வழிகள் உண்டு. சுவரின் முகத்தைக் கோடிட்டுப் பிரித்து, பிரித்த பகுதிக்கு மட்டும் ஒரு பொருளைத் தீட்டிவிடுவது அவற்றுள் எளியது. பரப்புக் கணக்கு இதில் சரியாகவே கிடைக்கும். ஆனால் தீட்டியதற்குக் கனமில்லை. வர்ணத்துக்கு இது மிகப் பொருத்தம். டைல்ஸுக்குப் பொருந்தாது. செங்கலுக்குச் செங்கல் 1,200 மி.மீ. அகலமுள்ள ஒரு சிறு கழிவறையில், இரு பக்கமும் 12 மி.மீ. பூச்சும், அதன்மேல் ஒட்டுச்சாந்தோடு சேர்த்து 15 மி.மீ. டைல்ஸும் வந்தால் கைக்கு மிஞ்சுவது 1,146 மி.மீ.தான், படத்தில் 1,200 என்று நம்பி வாங்கிய சாமான் அங்கே உட்காராது.

ரெவிட் 2012 பதிப்பில் சேர்ந்த, ஒரே சுவரை அடுக்கடுக்காகத் துண்டித்துக் காட்டும் வசதியும், சுவரை ஒரே பொருளாக வைத்துக்கொண்டே முடிப்புகளை மட்டும் மறைத்துக் காட்டும் ஆர்ச்சிகேடின் வழியும், இரண்டு கட்சியையும் சமாதானப்படுத்தும் முயற்சிகள் எனலாம். இவை பார்வையைப் பிரிக்கின்றன; தீர்மானிக்கும் உரிமையைப் பிரிப்பதில்லை.

மற்றொரு சாரார் பூச்சை வரைவதே இல்லை. அறை என்னும் பொருளின் குறிப்பில் சுவர் முடிப்பு இன்னது, தரை இன்னது என்று எழுதிவைத்து, பழைய அட்டவணையைப் புதிய இயந்திரத்துக்குள் குடியேற்றிவிடுகிறார்கள். பெரிய அலுவலகங்கள் பலவும் வடிவமைப்பின் ஆரம்ப கட்டத்தில் இதையே விரும்புவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. எந்த அறைக்கு என்ன என்று உரிமையாளர் நாளுக்கு நாள் மனம் மாறும் காலத்தில், ஒரு சொல்லைத் திருத்துவது 84 வகைகளைத் திருத்துவதைவிட இலகுவானது. ஒரே அறையின் நான்கு சுவர்களுக்கும் நான்கு முடிப்புகள் வரும்போதுதான் இது திணறுகிறது.

எம்.புக்கும் மாடலும்

முறைகளின் தாரதம்மியத்தைப் பேசுவோர் பெரும்பாலும் கவனியாமல் விடும் அம்சம் ஒன்றுண்டு. மாடல் எந்த முறையில் வரையப்பட்டாலும், அது சொல்லும் அளவு வேறு, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க எம்.புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதப்படும் அளவு வேறு என்பதே அது. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1200இன் பன்னிரண்டாம் பகுதி, பூச்சு வேலையில் திறப்புகளைக் கழிக்கும் விதத்தை நிர்ணயிக்கிறது: 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரையில், இரு முகமும் ஒரே பூச்சாயின், ஒரு முகத்துக்கு மட்டும் கழித்து, திறப்பின் ஓரங்களைச் சேர்க்காமல் விடுவது. 3 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் இரு முகத்திலும் கழித்து, ஓரங்களைச் சேர்ப்பது.

ஒரு மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமுமுள்ள சாதாரணக் கதவை எடுத்துக்கொண்டால், இவ்விதிப்படி கழிவு 2.1 சதுர மீட்டர். மாடலோ இரு முகத்திலும் கழித்து 4.2 என்கிறது, ஓரங்களிலும் பூச்சு மடங்கும்படி அமைத்திருந்தால், நிலையின் கனம் போக மிஞ்சும் ஓரப்பூச்சாகிய ஏறக்குறைய 0.8ஐத் திருப்பிச் சேர்த்துக்கொண்டு 3.4 என்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு கதவிலும் 1.3 முதல் 2.1 சதுர மீட்டர் வரையில் வித்தியாசம். விதி பிழையா, மாடல் பிழையா என்று கேட்பது பயனற்றது. நாடாவைப் பிடித்து அளக்கும் இருவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகவும், ஓரம் திருத்தும் நுண்வேலைக்கு ஈடாகவும் ஏற்பட்ட சம்பிரதாயம் விதி. கண்ணுக்குத் தெரிந்ததைக் கூட்டிச் சொல்வது மாடல். பூச்சைத் தனிச் சுவராக வரைவதால் அளவு துல்லியமாகும் என்று சொல்வோர், எந்தத் துல்லியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறையின் பரப்பிலும் இதே கதைதான். செங்கலுக்குச் செங்கல் 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறை 10.8 சதுர மீட்டர். நான்கு புறமும் 12 மி.மீ. பூச்சு ஏறியபின் 10.64. வித்தியாசம் ஒன்றே முக்கால் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ரெவிட்டில் அறைப் பரப்பைச் சுவர் முடிப்பிலிருந்தா, சுவரின் மத்தியிலிருந்தா, உட்சுவரின் முகத்திலிருந்தா, உட்சுவரின் மத்தியிலிருந்தா கணக்கிடுவது என்று நான்கு தேர்வுகள் உள்ளன. தோலைத் தனியே நிறுத்தும் முறையில் இத்தேர்வுகளின் தாத்பரியமே மாறிவிடுகிறது. கட்டடம் முழுவதற்குமாக ஒரு முறை அமைத்துவிட்டு மறந்துபோகும் இந்தச் சிறு பொத்தான், விற்பனைப் பரப்பைப் பற்றிய தகராறில் எவ்வளவு தூரம் பேசும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பொது மொழி சொல்வது

மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாறிக்கொள்ளும் பொருட்டு ஏற்பட்டு, 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற சர்வதேசத் தரமாகிய ஐ.எஃப்.சி. அமைப்பு இவ்விவாதத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லும் என்று எதிர்பார்க்கலாம். அது சொல்லவில்லை. சுவருக்குள் அடுக்குத் தொகுதியை வைக்கவும் அதில் இடமுண்டு; போர்வை என்று ஒரு தனிப் பொருளை வைக்கவும் இடமுண்டு; அந்தப் போர்வையைச் சுவரோடு இணைக்க ஓர் உறவு, அறையோடு இணைக்க மற்றோர் உறவு. செம்பரும் விட்ருவியஸும் ஒரே கோப்பில் அருகருகே உட்காரலாம். இது குறையா, விவேகமா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது; நடைமுறையில் மட்டும், ஒரு மென்பொருள் அடுக்காக அனுப்பியதை மற்றொன்று போர்வையாகத் தேடிக் காணாமல் திரும்புவது உண்டு.

கட்டடத் தகவல் மாடல் என்னும் பெயரே அச்சில் ஆரம்ப காலத்தில் வழங்கிய இடங்களுள் ஒன்று, வான் நெடர்வீன், டோல்மன் ஆகிய இருவர் 1992இல் எழுதிய கட்டுரை. ஒரே கட்டடத்தைப் பலர் பல கண்ணோட்டத்தில் காண்பதை ஒரே மாடல் எவ்விதம் தாங்கும் என்பதே அதன் விஷயம். பொறியாளர் சுவரைக் கேட்கிறார், வெப்பக் கணக்கர் அடுக்கைக் கேட்கிறார், அளவையாளர் முகத்தைக் கேட்கிறார், உரிமையாளர் அறையைக் கேட்கிறார். பொருளுக்கு ஒரே ஒரு வீடு இருக்க வேண்டும் என்று மென்பொருள் வற்புறுத்தும் வரையில், நால்வரில் மூவர் வாசலில் நிற்கத்தான் வேண்டும்.

மதிப்பீடு

மேற்கண்ட கட்சிகளுள் ஒன்றையே எல்லா வேலைக்கும் சிறந்ததெனச் சொல்லத் தக்க ஆதாரம் இல்லை. ஆயினும், பிரிவுக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதற்கு வடிவத்தைக்காட்டிலும் காலத்தை அளவுகோலாகக் கொள்வது பொருத்தமென்று தோன்றுகிறது. எந்த அடுக்கு சுவரோடு சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டு, சுவர் மாறினாலன்றி மாறாதோ, அது சுவருக்குள் இருக்கலாம். வெப்பத்தடையும், வெளிப்புறத்தில் இரண்டு கோட்டிங்காக ஏறும் 20 மி.மீ. பூச்சும் அவ்வகையைச் சேர்ந்தவை. எது அறையின் உபயோகத்தைப் பொறுத்துப் பின்னால் தீர்மானிக்கப்பட்டு, கனமும் உடையதோ, அது தனியே நிற்கலாம். டைல்ஸும் கல் கிளாடிங்கும் அப்படி. கனமற்ற வர்ணத்துக்கு முகத்தில் தீட்டுவதோ அட்டவணையில் எழுதுவதோ போதும். உட்புறச் சிமெண்டுப் பூச்சுதான் இவ்வளவுகோலுக்கு எளிதில் அடங்காதது: அது சுவரோடு தீர்மானிக்கப்படுவது, ஆனால் டைல்ஸ் வரும் முகத்தில் கரடாகவும், பெயிண்ட் வரும் முகத்தில் வழுவழுப்பாகவும் முடிக்கப்படுவது.

அதைவிடக் கடினமானது, கான்கிரீட் தூணும் செங்கற்சுவரும் சந்திக்கும் இடம். தூணையும் சுவரையும் ஒரே வீச்சில் கடந்து செல்லும் பூச்சு, இரண்டில் எதற்கு உரியது? ரெவிட்டில் அலங்காரத் தூண் பக்கத்துச் சுவரின் அடுக்குகளைத் தானும் ஏற்றுக்கொள்கிறது; பாரம் தாங்கும் தூண் அவ்வாறு செய்வதில்லை, ஆகையால் அதன் பூச்சைத் தனியே வரைந்தாக வேண்டும். அறையின் எல்லையைச் சுற்றி வந்து பூச்சைத் தானே எழுப்பிவிடும் துணைநிரல்கள் இங்கே ஓரளவு கைகொடுக்கின்றன. அறை மாறியபின் அவை எழுப்பிய தோலும் கூடவே மாறுமா என்பது நிரலுக்கு நிரல் வேறுபடுகிறது. பூச்சு வெடிக்காமலிருக்க அந்தச் சந்தியின் மேல் ஆணியடித்துப் பதிக்கும் கோழிவலையோ, சுவர், தூண், அறை மூன்றில் எதிலும் சேராமல், மாடலுக்கு வெளியே பொதுக் குறிப்பில் ஒரு வரியாகவே இன்னும் இருந்துவருகிறது. அதன் நீளத்தைத் தளத்தில் நாடா பிடித்தே எடுக்கிறார்கள்.